நெஞ்சுப்பட்டையும் ஒரு மலாய்ச் சொல்லும்

மூன்றாவது பட்டையை வாங்கப் போனபோது கடைக்கார அண்ணனுக்கு என் முகம் பழகிவிட்டது.

"என்ன தங்கச்சி, மறுபடியுமா? உன் நாய் பட்டையத் திங்குதா?"

"திங்கல அண்ணே. பின்னால வாங்கிக் கழட்டிருது."

"எஸ்டேட் நாய்தானே. நைலான் கயிறு போதும்லா. நீ என்னமோ கல்யாணப் பொண்ணுக்கு எடுக்கிற மாதிரி எடுக்கிற."

நான் சிரிக்கவில்லை. தையல் நாடாவால் அளந்து கைப்பேசியில் குறித்து வைத்திருந்த அளவுகளைக் காட்டினேன். எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்து வளர்ந்தவள் நான் ஒருத்திதான். எந்தச் சிக்கலுக்கும் முதலில் வாசித்துப் பார்ப்பது என் பழக்கம். நாயை நடத்திக்கொண்டு போவதைப் பற்றியும் வாசித்திருந்தேன். கழுத்துப்பட்டை மட்டும் போட்டால் இழுக்கும் நாய்க்குத் தொண்டை நெரியும். நெஞ்சுப்பட்டை நல்லது, ஆனால் வாரை முதுகு வளையத்தில் மாட்டினால் நாய் வண்டி மாடு போல முழு பலத்தோடு இழுக்கும். நெஞ்சு வளையத்தில் மாட்டினால் இழுக்கும்போது உடம்பு நம் பக்கம் திரும்பிவிடும். பட்டைக்கும் தோலுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். சுருண்டு நீளும் வார் சாலைக்கு ஆகாது.

இவ்வளவும் தெரிந்துதான் முதல் பட்டையை வாங்கினேன். அதை நாய் பாடாங் திடலின் நடுவில் கழற்றிப் போட்டுவிட்டு ஓடியது. இரண்டாவது, முன்னங்கால் இடுக்கில் உரசிப் புண்ணாக்கியது. மூன்றாவதில் வயிற்றைச் சுற்றி இன்னொரு வார் இருந்தது. பின்னால் வாங்கினாலும் விலா எலும்பைத் தாண்டி உருவிக்கொள்ள முடியாது.

"இதையும் கழட்டுச்சுன்னா, நாய இங்க கூட்டிட்டு வா. நான் வேலைக்கு வச்சுக்கிறேன்" என்றார் அண்ணன்.

அது அப்பாவின் நாய். செர்டாங் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் அப்பா குலை வெட்டிக்கொண்டிருந்தார். நான் பல்கலைக்கழக விடுதியில் இருந்த காலத்தில் குட்டியாக வந்து ஒட்டிக்கொண்டதால், அதை வளர்த்த கதையில் எனக்குப் பங்கில்லை. விடுமுறைக்குப் போகும்போது பார்ப்பேன். பழுப்பு நிறம், ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடங்கியும் இருக்கும். பேர்கூட வைக்கவில்லை. அப்பா "டேய்" என்பார். அது வரும்.

மழைக்காலத்தில் ஒரு விடியற்காலை அப்பாவுக்கு நெஞ்சு வலித்தது. மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள், திரும்பி வரவில்லை. தோட்டத்து வீடு வேலை செய்கிறவருக்குத்தான். கருமாதி முடிந்து சில வாரங்களில் அம்மாவையும் நாயையும் பாக்கார் ஆராங்கில் நான் வாங்கியிருந்த வரிசை வீட்டுக்கு அழைத்து வந்தேன். அந்த வீட்டைப் பற்றி எனக்குப் பெருமை உண்டு. எங்கள் பரம்பரையில் முதலாளியுடையதல்லாத கூரை அதுதான் முதல். அப்பா அதில் ஓர் இரவுகூடத் தூங்கவில்லை.

நாய் வந்த வாரமே வாசல் கேட்டைத் தாண்டிக் குதித்து ஓடியது. பெரிய சாலையின் சிக்னலில் லாரிகளுக்கு நடுவே நின்றிருந்ததைப் பக்கத்து வீட்டு மலாய் அக்கா, எங்களுக்குக் கக்காக், அவர்தான் காரில் வரும்போது பார்த்து, விரைந்து வந்து சொன்னார். அவர் நாயைத் தொட மாட்டார். ஆனால் என்னை அங்கே ஏற்றிக்கொண்டு போய், நான் அதைப் பிடித்து வரும்வரை காரைக் குறுக்கே நிறுத்தி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். இரண்டாம் முறையும் ஓடியது. அதே சிக்னல், அதே திசை. அதன்பின் கட்டிப் போட்டோம். கட்டிப் போட்டால் ஊளையிட்டது. நான் தொழிற்சாலைக்குப் போனதிலிருந்து வரும்வரை ஊளை.

பின் சந்து வீட்டில் இருந்தவர் நம் ஆள்தான். இரவு வேலைக்காரர், பகலில் தூங்குபவர். ஒருநாள் கண் சிவந்து, கைலியோடு வந்து கேட்டில் நின்றார்.

"தங்கச்சி, உங்க அப்பா விஷயம் தெரியும். அதான் இத்தன நாள் வாய மூடிட்டு இருந்தேன். நான் மெஷின் முன்னாடி தூங்கி விழுந்தா என் கை போயிரும். தைப்பூசம் வரைக்கும் பாப்பேன். அப்புறம் நகராண்மைக் கழகத்துக்குப் போன் போட்டுருவேன். கோவிச்சுக்காத."

கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை. அவர் சொன்னது நியாயம். நாய்களை ஏற்கும் காப்பகம் ஒன்றின் எண்ணைத் தேடி எடுத்து, அன்று இரவுச் சாப்பாட்டின்போது அம்மாவிடம் மெல்ல ஆரம்பித்தேன்.

அம்மா சோற்றிலிருந்து கையை எடுத்தார். "அத எங்க விடுறியோ, என்னையும் அங்கயே விட்டுரு."

"அம்மா, அது வேற, நீங்க வேற."

"என்ன வேற? ரெண்டு பேரையும் ஒரே வண்டிலதான ஏத்திட்டு வந்த."

அம்மா அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து கேட்டுக்கு வெளியே கால் வைத்ததில்லை. கடைக்குக் கூப்பிட்டால் கால் வலி, கோயிலுக்குக் கூப்பிட்டால் தீட்டு. நாய்க்குச் சோறு வைக்க மட்டும் முன்வாசல்வரை வருவார். நாய் போனால் அதற்கும் வர மாட்டார் என்று எனக்குத் தெரிந்தது.

எங்கள் தாமான் குடியிருப்பின் பாடாங்கில் ஞாயிற்றுக்கிழமை காலை நாய் வளர்ப்பவர்கள் கூடுவார்கள் என்பதைக் கக்காக்தான் சொன்னார். நாய் களைத்தால் குரைக்காது என்று அவருடைய அலுவலகத்தில் யாரோ சொன்னார்களாம். போய்ப் பார்த்தேன். பெரும்பாலும் சீனர்கள், நம்மவர்களில் இரண்டு குடும்பம். முன்னால் நின்று நடத்தியவர் ஓய்வு பெற்ற சீன ஆசிரியை. எல்லோருக்கும் அவர் ஆன்ட்டி. பஞ்சு போன்ற வெள்ளை நாய் ஒன்றை வைத்திருந்தார். அதற்கு வெயில் படாமல் இருக்கக் குடை பிடிப்பார். எல்லோரும் பாடாங்கைச் சுற்றி நடப்பார்கள், நாய்களின் கழிவை அவரவர் பையில் அள்ளுவார்கள், பிறகு மரத்தடியில் யாராவது கொண்டு வந்த கூய் பலகாரத்தைத் தின்றுகொண்டே நாய்க்கதை பேசுவார்கள். புதிதாக வருகிறவர்கள் தரையைப் புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். நம் கை தாங்காத தாரில் நாயை நடத்தக் கூடாது என்பது ஆன்ட்டியின் முதல் பாடம். அதையும் நான் வாசித்திருந்தேன் என்று சொன்னேன். "நல்ல மாணவி" என்றார் மலாயில். மனதுக்குள் கொஞ்சம் நிமிர்ந்துகொண்டேன்.

அடுத்த வாரம் நாயோடு போனேன். பாடாங்வரை என் முழங்காலை ஒட்டி ஒழுங்காக வந்தது. மற்ற நாய்களை முகர்ந்தது, சண்டையில்லை. எனக்கு நம்பிக்கை வந்தது. ஆன்ட்டி கையைத் தட்டி, "ஓகே, ஜாலான்!" என்று உரக்கக் கூவினார். நடக்கலாம் என்று அர்த்தம். எல்லோரும் தங்கள் நாய்களிடம் "ஜாலான், ஜாலான்" என்று கொஞ்சிக்கொண்டு கிளம்பினார்கள்.

என் நாய் திரும்பியது. எனக்கு நேர் எதிர்த் திசையில், பெரிய சாலைப் பக்கம். நான் இழுத்தேன், அது பின்னால் வாங்கியது. தலை உருவிக்கொண்டு வெளியே வந்தது. வெறும் பட்டை என் கையில் தொங்க, நாய் வேலியோரமாக ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு ஆண்கள் சேர்ந்து அதைப் பிடித்தார்கள்.

"பட்டை பெரிசு" என்றார் ஆன்ட்டி. நானும் அப்படித்தான் நினைத்தேன். இரண்டாவது பட்டையிலும் அதே கதை. அதில் உருவ முடியவில்லை. ஆனால் இழுத்த இழுப்பில் புண்ணாயிற்று. மூன்றாவது எல்லா விதத்திலும் பொருந்தியது. உரசவில்லை, உருவவில்லை. அன்று நாய் தரையோடு படுத்து, பெரிய சாலைப் பக்கமே பார்த்தபடி முனகியது. நான் கூச்சத்தோடு அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வரும் வழியில் பின் சந்துக்காரர் பார்த்துவிட்டார்.

"நாய நடத்திட்டுப் போனியா, தூக்கிட்டுப் போனியா தங்கச்சி?"

கோயிலில் தைப்பூசக் காவடிக்கு ஆட்கள் விரதம் தொடங்கியிருந்தார்கள். அவர் கழுத்திலும் மாலை கிடந்தது.

அந்த வாரம் புதன்கிழமை எனக்கு விடுப்பு. புண் ஆறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மூன்றாவது பட்டையை மாட்டி, சும்மா சந்து முனைவரை போகலாம் என்று கிளம்பினேன். மனம் சரியில்லாததால் நாயிடம் ஒன்றும் பேசவில்லை. நாய் நடந்தது. சந்து முனையைத் தாண்டி, கடை வரிசையைத் தாண்டி, பாடாங்கையும் ஒரு சுற்று. வார் தொய்ந்தே இருந்தது.

தொழிற்சாலையில் என் வேலை தரக் கட்டுப்பாடு. ஒரு பொருள் ஒருநாள் சரியாகவும் மறுநாள் பிசகியும் வந்தால், இடையில் எது மாறியது என்று பார்ப்போம். பட்டை மாறவில்லை, பாடாங் மாறவில்லை, நாய் மாறவில்லை. ஆன்ட்டியும் கூட்டமும் இல்லை. ஆனால் நாய்க்கு அவர்களிடம் பயம் இருந்ததாகத் தெரியவில்லை, கூவும்வரை. அந்த இடத்தில் என் யோசனை நின்றது. ஆளில்லாத பாடாங்கின் நடுவில் நின்றுகொண்டு, சாதாரணக் குரலில் சொன்னேன்:

"ஜாலான்."

நாய் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தது. பிறகு திரும்பி, பெரிய சாலைப் பக்கம் நடக்கத் தொடங்கியது.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் கேட்டேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அம்மா, அப்பா இதுகிட்ட ஜாலான்னு சொல்வாரா?"

"ஆமா. டெய்லி சொல்வாரு. வேலைக்குப் போறப்ப மோட்டார்சைக்கிள் பின்னாலயே ஓடும். சின்னப் பாலம் வரைக்கும் விடுவாரு. அதுக்கு அங்கிட்டு காட்டுப்பன்னிக்குக் கண்ணி வச்சிருப்பாங்கல்ல. அங்க நிறுத்தி, ஜாலான்னு சொல்வாரு. வீட்டுக்குத் திரும்பி வந்துரும்."

"போன்னு சொன்னா என்ன? எதுக்கு மலாய்?"

அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "வேலைக்குக் கெளம்புற நேரத்துல போன்னு சொல்லலாமா? உனக்குத் தெரியாதா உங்கப்பாவ? மலாய்ல சொன்னா ஒண்ணும் ஆவாதும்பாரு."

தெரியும். பல்கலைக்கழகத்துக்கு முதன்முதலாகப் பெட்டி தூக்கிய நாளில் நான் "போறேன்பா" என்று சொல்லிவிட்டேன். அப்பா பஸ்ஸை மறந்து, என்னைத் திரும்பப் படியேற வைத்து, தண்ணீர் குடிக்க வைத்து, "இப்பச் சொல்லு" என்றார். "வரேன்பா" என்றேன். அதன்பின்தான் இறங்க விட்டார். கிளம்புகிறவர் வாயிலும் அனுப்புகிறவர் வாயிலும் வெறும் 'போ' வரக் கூடாது, 'வா'வும் கூட வர வேண்டும். நாயைத் துரத்துவதற்குக்கூட. அதனால் அந்த மனிதர் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். நம் தெய்வங்களுக்கு மலாய் தெரியாது என்று நம்பியிருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டு அம்மாவைப் பார்த்தேன். அவர் கீரையை ஆய்வதை நிறுத்தியிருந்தார்.

"அன்னிக்கும் சொன்னாரு" என்றார்.

"என்னைக்கு?"

"ஆஸ்பத்திரிக்குப் போன அன்னிக்கு. பக்கத்து வீட்டுக் கார்ல என் மடில சாஞ்சிருந்தாரு. இது பின்னாலயே ஓடி வருது. பாலத்துக்கிட்ட, மெதுவாப் போகச் சொல்லிக் கை காட்டினாரு. கண்ணாடிய எறக்கச் சொன்னாரு. காத்துக்குன்னு நெனச்சேன். தலைய வெளிய நீட்டி ஜாலான்னாரு. அது நின்னுருச்சு. அதுக்கப்புறம் அவரு பேசுன எதுவும் எனக்குத் தெளிவா வெளங்கல."

கீரைத் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து உள்ளே போனார். நாய் முன்வாசலில் படுத்திருந்தது. சிக்னல் திசை எது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. செர்டாங்கிலிருந்து காரில் நாங்கள் வந்த வழி அது. வீட்டுக்குப் போ என்று அவர் கடைசியாகச் சொல்லியிருந்தார். இங்கே ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு பாடாங் முழுக்க ஆட்கள் அதையே சொன்னார்கள். அது தன் வீட்டுக்குப் போகப் பார்த்தது. அந்த வீட்டில் இப்போது வேறொரு குலை வெட்டுக்காரர் குடும்பத்தோடு இருக்கிறார்.

அடுத்த ஞாயிறு ஆன்ட்டியிடம் தனியாகச் சொன்னேன். அப்பாவைப் பற்றிச் சொல்லவில்லை. அந்தச் சொல்லுக்கு என் நாய் வேறு அர்த்தம் வைத்திருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

"அப்படியானால் எதைச் சொல்ல?" என்றார்.

"வா."

"வாவ்?"

"வா. எங்கள் மொழி. வரச் சொல்வது."

"ஐயோ, நான் உன் நாயின் அழகைப் பார்த்துச் சொல்வதாக எல்லாரும் நினைப்பார்கள்" என்று சிரித்தார். பிறகு முப்பது வருடம் வகுப்பை அடக்கிய குரலில் மலாயில் அறிவித்தார்: "இனி யாரும் ஜாலான் சொல்லக் கூடாது. வா என்று சொல்லுங்கள். என்னோடு சொல்லுங்கள், வா!"

"வா!" என்றது பாடாங்.

வெள்ளைப் பஞ்சு நாய்க்குக் குழப்பம். ஆன்ட்டி குடைக்கடியில் அதனிடம் "வா, வா, சாயாங்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். என் நாய் நெஞ்சு வளையத்தில் வார் தொய்ந்து கிடக்க, ஒரு சுற்று முழுக்க என்னோடு நடந்தது. புதிதாக வந்த சீனப் பையன் ஒருவன் மறந்துபோய் "ஜாலான்" என்றபோது மட்டும் நின்று, திரும்பிப் பார்த்தது. நான் "வா" என்றேன். வந்தது. ஆனால் வருவதற்குமுன் கொஞ்ச நேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றது.

ஊளை குறைந்தது. தனியார் கால்நடை மருத்துவர் ஒருவர் பாடாங்குக்கே வந்து வெறிநாய்க்கடி ஊசி போட்ட ஞாயிறன்று, நாயைப் பிடித்துக்கொள்ள இன்னொரு ஆள் வேண்டும் என்று அம்மாவிடம் பொய் சொன்னேன். நீண்ட நேரம் யோசித்து, சேலையை மாற்றிக்கொண்டு வந்தார். வரிசையில் நாயின் தலையைத் தன் முழங்காலில் அணைத்து நின்றார். ஆன்ட்டி அவருக்குக் கூய் கொடுத்து, "வா, வா" என்று உட்காரச் சொன்னார். அம்மா பதிலுக்கு மலாயில் நன்றி சொன்னார். எனக்குத் தெரிந்து அந்த நகரத்தில் அவர் வெளியாளிடம் பேசிய முதல் வார்த்தை அது.

தைப்பூசம் வந்து போனது. பின் சந்துக்காரர் மொட்டைத் தலையோடு கேட்டில் நின்று பஞ்சாமிர்தம் கொடுத்தார். "நாய் செத்துருச்சான்னு பாக்க வந்தேன். சத்தத்தையே காணோம்" என்றார். நாய் அவரைப் பார்த்து வாலாட்டியது. "பரவால்ல. இருக்கட்டும்லா" என்றார்.

இருக்கலாம் என்று ஆகிவிட்டது. நான் வேண்டியது அவ்வளவுதான்.

அதற்குப் பின் ஒரு வேலை நாள். இருட்டு பிரியும் நேரம், மழை தூறிக்கொண்டிருந்தது. காரை எடுக்க அம்மா கேட்டைத் திறந்துவிட்டார். இப்போதெல்லாம் கட்டுவதில்லை என்பதால் நாய் என் காருக்குப் பின்னாலேயே சந்துக்கு இறங்கியது. அம்மா கேட்டைப் பிடித்தபடி, தூக்கம் கலையாத குரலில், எத்தனையோ காலம் அப்பா வாயில் கேட்ட சொல்லைத் தன்னை அறியாமல் சொல்லிவிட்டார்.

"டேய், ஜாலான்."

சொன்ன பிறகுதான் அவருக்கே கேட்டது. வாயைப் பொத்திக்கொண்டார். நான் பிரேக்கை அழுத்தினேன். பட்டை இல்லை, வார் இல்லை, கேட் திறந்திருக்கிறது. பெரிய சாலையில் லாரிச் சத்தம் கேட்டது.

நாய் நின்றது. சிக்னல் பக்கம் மூக்கைத் தூக்கியது. மழைக்கு அதன் மடங்கிய காது ஒருமுறை துடித்தது. பிறகு திரும்பி, என் காரைச் சுற்றிக்கொண்டு, அம்மாவின் காலை உரசியபடி கேட்டுக்குள் நுழைந்து, செருப்பு அடுக்குக்குப் பக்கத்தில் தன் சாக்கில் சுருண்டு படுத்தது.

கண்ணாடியை இறக்கினேன். "பாத்தீங்களாம்மா? இதுதான் வீடுன்னு தெரிஞ்சுகிச்சு" என்றேன். என் குரலில் சந்தோஷம் இருந்தது.

அம்மா கேட்டைப் பிடித்தபடியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் காரை விட்டு இறங்கி ஓடினேன். அவர் அழுதுகொண்டிருந்தார். அப்பாவைத் தூக்கிய அன்றுகூட அப்படி அழுததை நான் பார்க்கவில்லை.

"அது ஒண்ணுதான் இன்னும் அங்க போகணும்னு நின்னுச்சு" என்றார். "அதும் மறந்துருச்சு."

அவரை எழுப்பி உள்ளே உட்கார வைத்தேன். பால் சேர்க்காத தே ஓ கலக்கிக் கொடுத்தேன். வேலைக்கு நேரமாகிவிட்டது. நாய் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடியும் மூடிக்கொண்டது. அதன் நெஞ்சுப்பட்டை கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது.

"வரேன்மா" என்றேன்.

வழக்கமாக "போய்ட்டு வா" என்பார். அன்று தலையை மட்டும் அசைத்தார்.